நாலு மணி லைவும் எட்டாவது டம்ளரும்

ஜூன் 3, திங்கள்

வித்யா வேலையை விட்டுப் போய்விட்டாள். போனது கூடப் பரவாயில்லை, எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த கடைக்கே போய்விட்டாள் என்பதுதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. எங்கள் 'நாச்சி நைட்டீஸ்' இணையப் பக்கத்தில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு லைவ் வந்து, "ஹாய் டியர்ஸ்" என்று ஆரம்பித்து, போனில் பார்க்கிற பெண்களுக்கு நைட்டி காட்டியவள் அவள்தான். இன்று அதே நாலு மணிக்கு அதே "ஹாய் டியர்ஸ்" எதிர்க்கடையிலிருந்து கேட்டது. முதலாளி கௌரிசங்கர் தன் போனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"சென்னியப்பண்ணா, நாளையிலிருந்து லைவ் நீங்கதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருடமாக இந்தக் கடையில்தான் விற்பனை. ஒரு பெண்மணி படியேறும்போதே அவருக்கு என்ன அளவு, எந்தக் கலரை எடுத்துப் பார்த்துவிட்டு எந்தக் கலரை வாங்குவார் என்று சொல்லிவிடுவேன். ஆனால் படியேறி வராதவர்களிடம் எப்படி விற்பது?

"கடைக்கு இப்ப ஆருண்ணா வர்றாங்க? ஈரோட்டுக்காரங்களே போன்லதான் வாங்கறாங்க. நாமளும் போனுக்குள்ள போனாத்தான் உண்டு. ஆடிக்குள்ள ஏவாரம் நிமுரலைன்னா கடையை செல்போன்காரனுக்கு விட்டுப்போட்டு நான் ஊட்டுல உக்காந்துக்குவேன்" என்றார்.

அவர் வீட்டில் உட்கார இடம் இருக்கிறது. கடையில் வேலை செய்கிற நாங்கள் நாலு பேர் எங்கே போய் உட்காருவது?

வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். பிறகு இன்னொரு சொம்பு. வெயில் அப்படி. என் சம்சாரம் ஜோதிமணி சொம்பையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

ஜூன் 4, செவ்வாய்

முதல் லைவ். கோயமுத்தூரிலிருந்து ஷெரின் என்று ஒரு பெண் வந்திருந்தார். இணையத்தில் வியாபாரத்தை வளர்த்துக் கொடுப்பது அவர் தொழில். வட்டமான விளக்கின் நடுவில் போனைச் சொருகி என் முன்னால் வைத்தார்.

"அங்கிள், கேமராவைப் பாத்துப் பேசுங்க. என்கேஜ் பண்ணிட்டே இருக்கணும்."

"அப்படின்னா?"

"பாக்குறவங்க போயிடாம புடிச்சு வெக்கணும்."

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். "வாங்க வாங்க, உக்காருங்க, என்ன சாப்பிடறீங்க?" என்றேன். பிறகு அவர்கள் ஏதாவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கைகட்டி நின்றபடி ஆறு நிமிடம் காத்திருந்ததாக ஷெரின் பிறகு சொன்னார். அவர்கள் கேட்பதெல்லாம் திரையின் அடியில் எழுத்தாக ஓடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பார்த்தவர்கள் பதினேழு பேர். அதில் நாலு பேர் எங்கள் கடைக்காரர்கள். ஒருவர் எதிர்க்கடை வித்யா.

ஜூன் 5, புதன்

ஷூ போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டுமாம். இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாதே என்றேன். ஷூ போட்டால் பேச்சில் நம்பிக்கை வருமாம். சுண்டுவிரலைக் கடிக்கிறது.

ஜூன் 8, சனி

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன். கோமதி, தென்காசி என்று ஒரு பெண்மணி, "உயரம் எவ்வளவு இருக்கும்? பாக்கெட் இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அங்குலக் கணக்கைச் சொன்னால் யாருக்குப் புரிகிறது? நைட்டியைச் சட்டைக்கு மேலேயே தலைவழியாக மாட்டிக்கொண்டு நின்றேன். "நான் அஞ்சரை அடிங்க. எனக்குக் கணுக்கால் வரைக்கும் வருது. உங்களுக்குக் கணக்குப் பண்ணிக்குங்க. பாக்கெட் இந்தா இருக்குது, போன் வெக்கலாம், சாவி வெக்கலாம்" என்று கையை விட்டுக் காட்டினேன்.

ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தே விட்டார். ஆனால் முந்நூற்றுப் பத்துப் பேர் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போவதற்குள் என் மைத்துனன் அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டான். ஜோதிமணி போனை நீட்டினாள்.

"வாடாமல்லிக் கலர் உங்களுக்கு எடுக்கலைங்க" என்றாள். பிறகு படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "கழுத்தெலும்பு தெரியுது. போன தீவாளிக்கு இப்படி இல்லை."

சட்டை பெரிசு என்றேன்.

"சட்டை எப்பிடிங்க பெருசாவும்?"

ஜூன் 11, செவ்வாய்

பார்த்தவர்கள் எண்ணூறு பேர். அரக்குக் கலரைக் காட்டி, "இது சாயம் போவுமுங்க. மொத மூணு தண்ணி தனியா அலசுங்க. வெள்ளை வேட்டிகூடப் போட்டுப்போட்டு என்னையத் திட்டாதீங்க" என்றேன். லைவ் முடிந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணா, எதிரிகூட இப்பிடிப் பேச மாட்டான்."

சாயம் போகும் அந்த அரக்குதான் சாயங்காலத்துக்குள் மொத்தமும் தீர்ந்துபோனது. ஏன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. ஷெரின் மட்டும் 'நம்பகத்தன்மை' என்று ஏதோ குறித்துக்கொண்டார்.

ஜூன் 14, வெள்ளி

செருப்புக்கடி இன்னும் ஆறவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டேன். ஜோதிமணி கேட்டதற்குப் படியில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டேன். நம்பிக்கை குறைந்தால் குறையட்டும்.

ஜூன் 17, திங்கள்

இந்த இணைய வாடிக்கையாளர்கள் விசித்திரமானவர்கள். லைவ் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒருவர் வெறுமனே 'மூணு' என்று எழுதினார். சற்றுப் பொறுத்துப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து 'நாலு' என்றார்கள். பிறகு 'அஞ்சு'. டிசைன் நம்பர் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டு மூணாம் நம்பர், நாலாம் நம்பர், அஞ்சாம் நம்பர் நைட்டிகளை எடுத்து விரித்துக் காட்டினேன். நடுவில் தொண்டை வறண்டதால் தண்ணீர் குடித்தேன். உடனே எல்லாரும் 'ஆறு' என்றார்கள். ஆறாம் நம்பர் போன வாரமே தீர்ந்துவிட்டது என்று மன்னிப்புக் கேட்டேன். ஒரே சிரிப்புப் படமாகப் போட்டார்கள்.

'எட்டு' வரை கேட்டார்கள். இத்தனை நம்பரையும் இவ்வளவு ஆவலாகக் கேட்டவர்கள் ஒருவரும் ஆர்டர் போடவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஷெரின் விளக்கினார். டிசைன் நம்பர் இல்லையாம். நான் குடிக்கும் தண்ணீரை டம்ளர் டம்ளராக எண்ணுகிறார்களாம்.

விளக்கின் சூடு அப்படி. அந்த வட்ட விளக்கின் முன்னால் ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் தெரியும்.

ஜூன் 20, வியாழன்

லைவுக்கு நடுவில் இரண்டு தடவை பின்கட்டுக்குப் போக வேண்டியதாகிவிட்டது. அத்தனை தண்ணீர் குடித்தால் போகத்தானே வேண்டும்? திரும்பி வரும்வரை பச்சை நைட்டி ஒன்றைக் கேமராவுக்கு முன்னால் தொங்கவிட்டுப் போனேன். நான் இல்லாத அந்த நாலு நிமிடத்தில்தான் கூட்டம் அதிகமாம். திரும்பி வருவேனா, எத்தனை நிமிடத்தில் வருவேன் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்களாம்.

"அங்கிள், நீங்க இல்லாதப்போ ஒருத்தர்கூட வெளிய போகல. இந்த மாதிரி நான் எங்கயும் பாத்ததில்ல" என்றார் ஷெரின். பாராட்டா என்று தெரியவில்லை.

எழுத்துகள் வேறு மங்கலாகத் தெரிகின்றன. கோமதியம்மா கேட்டதை "பிஸ்கட் இருக்கா?" என்று படித்துவிட்டு, இது ஜவுளிக்கடைங்க என்றேன். பாக்கெட் என்று எழுதியிருந்தாராம். அந்த விளக்கை மாற்றச் சொல்ல வேண்டும்.

ஜூன் 24, திங்கள்

ரெஜினா மேரி, திண்டுக்கல். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார் போலிருக்கிறது. ஆனால் லைவில் எழுதக்கூடாததை எழுதுகிறார்.

எனக்கு ஒரு பழக்கம். கீழே ஓடுவதை முதலில் சத்தமாகப் படித்துவிடுவேன், அர்த்தம் பிறகுதான் மண்டையில் ஏறும். இன்று இப்படிப் படித்தேன்: "ரெஜினா மேரி, திண்டுக்கல்லுங்க. தம்பி, நான் முப்பத்தஞ்சு வருசம் அரசு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்தவ. ரொம்பத் தண்ணி குடிக்கிறீங்க, அடிக்கடி எந்திரிச்சுப் போறீங்க, மூணு வாரத்துல கன்னம் ஒட்டிப்போச்சு. சுகர் பாத்தீங்களா?"

படித்துவிட்டு, "சுகர் கலர் நம்மகிட்ட இல்லீங்கம்மா, க்ரீம் கலர் இருக்குதுங்க" என்று சொல்லி எடுத்தும் காட்டினேன்.

ஆயிரத்து நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 25, செவ்வாய்

இன்றும் அதே கேள்வி, நூறு பேரிடமிருந்து. எனக்கு ஒன்றுமில்லை என்று பணிவாகச் சொன்னேன். ரெஜினா மேரி எழுதினார்: "நாலு நைட்டி எடுத்து வச்சிருக்கேன் தம்பி. நீங்க டெஸ்ட் பண்ணிட்டு ரிப்போர்ட்டக் காட்டுங்க. அப்பறம்தான் ஆர்டர் போடுவேன்."

கோமதி, தென்காசி: "நானும்." அவர் இதுவரை ஒன்றுகூட வாங்கியதில்லை.

ஜூன் 27, வியாழன்

இரண்டு நாளாக ஒரு நைட்டிகூடப் போகவில்லை. இரண்டாயிரத்து நூறு பேர் பார்க்கிறார்கள். 'டெஸ்ட் முதலில், ஆர்டர் பிறகு' என்று ஒரே வரியை எல்லாரும் எழுதுகிறார்கள். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, ஒரு சொட்டு ரத்தம்தானே. குத்திக் காட்டிப்போட்டு வாங்களேன்."

"எனக்கு ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சா ஏவாரம் ஓடுமில்லீங்க?"

நியாயமான கேள்விதான். கொசுவலை அலமாரியைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி மாடிக்குப் போய்விட்டேன். நாங்கள் கொசுவலை விற்பதை நிறுத்தி ஐந்து வருடமாகிறது. காலி அலமாரியைத் துடைத்துவிட்டு இறங்கினேன். படியேறி இறங்கியதற்கே மூச்சு வாங்கியது.

ஜூன் 28, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

லைவ் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வழக்கம்போல ஓடுவதைப் படித்தேன்.

"ஜோதிமணி, ஈரோடு. நான் இவரு சம்சாரமுங்க. எட்டு மாசமா நானும் இதையேதான் சொல்றேன். அங்கன்வாடியில தெனம் முப்பது கொழந்தைக்கு எடை போடறேன், ஊட்டுல இந்த ஒருத்தரை மெசின்ல ஏத்த முடியலை. எம்பேச்சைக் கேக்கறதில்லை. உங்க பேச்சையாவது கேப்பாரான்னு பாக்கத்தான் வந்தேன். காலுல புண்ணு வேற இருக்குது. படியில இடிச்சதுன்னு சொல்றாரு. எங்க ஊட்டுல படியே இல்லீங்க."

முழுவதையும், கடைசி வரி வரைக்கும், சத்தமாக நானே படித்தேன்.

திரையில் சிவப்பு இதயங்களாகப் பறந்தன. எல்லாம் அவளுக்கு. "அக்கா, நாங்க இருக்கோம்." "அக்கா, விடாதீங்க." நான் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். போன் அணையவில்லையாம். பின்னால் தொங்கிய பச்சை நைட்டியை இருபது நிமிடம் ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம்.

வீட்டில் அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. ரசம் சாதம் வைத்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் 29, சனி

அப்பாவைப் பற்றி இந்த டைரியில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அப்பா பவானியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல ஆள், மூட்டை தூக்குவார். ஒரு நாள் சர்க்கரை முகாம் என்று மேடை போட்டிருந்தார்கள். சும்மா போய் விரலை நீட்டினார். இருக்கிறது என்றார்கள். அடுத்த வருடம் கட்டைவிரல் போனது. அதற்கடுத்த வருடம் பாதம். பிறகு முழங்கால்வரை. எனக்கு அப்போது இருபத்தொரு வயது. முகாமுக்குப் போகிற அன்றுவரை அவர் நன்றாக இருந்தார். எல்லாம் அந்த ஒரு சொட்டில்தான் ஆரம்பித்தது.

மருந்து மாத்திரையை அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, அதனால்தான் அப்படி ஆயிற்று என்று ஜோதிமணி சொல்வாள். இருக்கலாம். ஆனால் நான் பார்த்தது எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 30, ஞாயிறு

கடை விடுமுறை. மதியம் போனில் ஒரு படம் வந்தது. கடையின் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். என் படம், சுற்றிலும் பூ. கீழே பெரிய எழுத்தில்:

'நாளை மாலை 4 மணி. சென்னியப்பன் அண்ணனின் சுகர் டெஸ்ட், நேரலையில்! சுகர் எவ்வளவு என்று சரியாகச் சொல்பவருக்கு ஒரு காட்டன் நைட்டி இலவசம்!'

முதலாளியைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

"போட்டி ஷெரினோட ஐடியாண்ணா. டெஸ்ட் என்னோட ஐடியா. ஏவாரத்துக்குன்னுதான் நெனச்சேன். ஆனா அன்னைக்கு நீங்க படியில நின்னு மூச்சு வாங்கினதை நானும் பாத்தேன். வேண்டாம்னா எடுத்துடறேன்."

எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சமையலறை வாசலில் ஜோதிமணி நின்றிருந்தாள். கையில் முருங்கைக்கீரை. உருவாமல் வெறுமனே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 3, புதன்

இது ஆஸ்பத்திரியில் எழுதுவது. இடது கையில் டிரிப்ஸ். வலது கையால் எழுதலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை நடந்ததை எழுத வேண்டும்.

நாலு மணிக்கு ஐயாயிரத்து அறுநூறு பேர். நூற்றி இருபது என்றும் இருநூற்றி நாற்பது என்றும் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மருந்துக்கடையில் வாங்கிய மெஷினை முதலாளி பெட்டியிலிருந்து பிரித்தார். அதில் இருந்த தாளைப் படித்துப் படித்து ஊசியைத் திருகினார். என் கை நடுங்கவில்லை. நடுங்கியதாகக் கோமதியம்மா எழுதியிருந்தார். அது விளக்கு ஆடியது.

குத்தினார். ஒரு சொட்டு வந்தது. அட்டையில் வைத்தார். மெஷின் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணியது. பிறகு எண் வரவில்லை. எச், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்து வந்தது.

"ஹாய்னு வருதுண்ணா" என்றார் முதலாளி.

எனக்கு அப்படி ஒரு நிம்மதி! மெஷினைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, "பாருங்க, மெசினே நமக்கு வணக்கம் சொல்லுதுங்க! சுகரும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றேன். திரை முழுவதும் 'ஹாய்', 'ஹாய் அண்ணா', 'ஹாய் மெஷின்' என்று குவிந்தது. ஷெரின் கைதட்டினார். முதலாளி என்னைக் கட்டிக்கொண்டார்.

அந்த ஹாய்களுக்கு நடுவில் ரெஜினா மேரி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருந்தார். ஷெரின்தான் முதலில் படித்தார். படித்ததும் கைதட்டுவதை நிறுத்தித் திரையைச் சுட்டினார். பிறகு நானும் படித்தேன், வழக்கம்போலச் சத்தமாக.

"அது வணக்கம் இல்ல தம்பி. மெஷினால அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருக்குன்னு அர்த்தம். அறுநூறுக்கு மேல. பேசிட்டு நிக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

ஹாய்கள் நின்றுவிட்டன. ஐயாயிரம் பேர் பார்க்கிற திரையில் ஓர் எழுத்துகூட ஓடவில்லை.

முதலாளி ஆட்டோ பிடிக்க ஓடினார். அவர் பிடித்து வருவதற்குள் வேறொரு ஆட்டோ வாசலில் வந்து நின்றது. லைவ் ஓடும் போனோடு ஜோதிமணி இறங்கினாள். அங்கன்வாடிச் சேலையிலேயே இருந்தாள். கையில் பை. அதில் என் வேட்டி, துண்டு, சோப்பு, டம்ளர், ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, எல்லாம் இருந்தன.

"இதுக்குள்ள எப்பிடிக் கட்டுன?" என்றேன்.

"கட்டி ஒரு மாசமாச்சுங்க. ஏறுங்க."

ஆட்டோவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி குத்திய விரல். அழுத்திப் பிடித்ததில் வலித்தது. கையை எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலை 4, வியாழன்

கால் சுண்டுவிரலைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். இன்னும் இரண்டு வாரம் விட்டிருந்தால் விரலோடு போயிருக்காது என்று டாக்டர் சொன்னார். சின்ன வயதுப் பெண் டாக்டர்.

"எங்கப்பாவுக்கு டெஸ்ட் பண்ணதிலிருந்துதாங்க எல்லாம் ஆரம்பிச்சுது" என்றேன் அவரிடம்.

"இல்லீங்க. டெஸ்ட் பண்ணப்பதான் உங்களுக்குத் தெரிய ஆரம்பிச்சுது" என்றார். கட்டைப் பிரித்து மறுபடி கட்டினார். மதியம் முழுக்க மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

முதலாளி நேற்று தானே லைவ் செய்தாராம். மூவாயிரம் பேர். நைட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாராம். 'அண்ணன் எப்படி இருக்கார்?' என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் கேட்கவில்லையாம். அளவு என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலாளி மகிழ்ச்சியாக "எக்ஸ்எல்" என்று சொல்ல, "நைட்டி இல்லீங்க, அண்ணனோட சுகர் அளவு" என்றாராம்.

இன்று நாலு மணிக்கு ஜோதிமணியிடம் போனைக் கொடுத்து, வராந்தாவில் நின்று இரண்டு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். சன்னல் வழியாகக் கேட்டேன்.

"காலையில இருநூத்திப் பத்துங்க. இட்லி மூணு சாப்பிட்டாரு. நாலாவது கேட்டாரு, குடுக்கலை."

ஐயாயிரம் பேருக்கு என் நாலாவது இட்லி தெரிந்துவிட்டது. இனி எதை மறைத்து என்ன?

ஜூலை 8, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இன்சுலின் ஊசியை நானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். முதல் நாள் என்பதால் ஜோதிமணி போட்டுவிட்டாள். குழந்தைகளுக்குச் சொல்வதுபோல, "அங்க பாருங்க காக்கா" என்றாள். பழக்கதோஷம். நானும் பார்த்தேன்.

ஜூலை 11, வியாழன்

மறுபடி லைவ். உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். ரெஜினா மேரிக்கு ரிப்போர்ட்டைக் கேமராவில் காட்டினேன். "மூணு மாசச் சராசரி வரிய விரலால மறைக்காதீங்க தம்பி" என்றார். விரலை எடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு நாலு நைட்டிக்கு ஆர்டர் போட்டார். அதற்குப் பிறகு குவிந்த ஆர்டர்களுக்கு பில் போட்டே எங்கள் கடைச் சாந்தாமணிக்குக் கை வலித்துவிட்டது.

ஒரு சிக்கல். போட்டியில் ஜெயித்தது தான்தான் என்று கோமதியம்மா சொல்கிறார். அன்று நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு, மெஷினைப் பிரிப்பதற்கு முன்பே, தான் 'ஹாய்' என்று எழுதியதற்கு ஆதாரம் அனுப்பியிருக்கிறார்.

"அது அவங்க வணக்கம் சொன்னதுண்ணா" என்றார் முதலாளி.

"நானும் அப்பிடித்தானுங்க நெனச்சேன்" என்றேன்.

பாக்கெட் வைத்தது ஒன்று அனுப்பினோம்.

ஜூலை 15, திங்கள்

ஷெரின் கோயமுத்தூரில் ஏதோ கூட்டத்தில் எங்கள் கடையைப் பற்றிப் பேசப் போகிறாராம். வாடிக்கையாளர்களை எப்படிப் பிடித்து வைத்தோம் என்பது தலைப்பு. நாம் எங்கே பிடித்தோம், அவர்கள்தானே நம்மைப் பிடித்தார்கள் என்றேன். அதையும் குறித்துக்கொண்டார்.

முதலாளி டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிறார். டெஸ்ட் பண்ணினீர்களா என்று கேட்டேன். பேச்சை மாற்றினார். சாந்தாமணியிடம் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அவரையும் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி மூன்றாம் நாள். கடையில் நிற்க இடமில்லை. கடைக்குள் கூட்டமில்லை, பார்சல்கள்தான். செல்போன்காரர் வாடகைக்குக் கேட்டு வந்தார். முதலாளி அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

லைவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆர்டர் போன் அடித்தது. ஆண் குரல். எங்கள் போனில் ஆண் குரல் வருவதே அபூர்வம்.

"பல்லடத்திலிருந்து பேசறனுங்க. நைட்டிக்கில்லீங்க. நீங்க அந்த லைவுல வர்ற அண்ணனுங்களா?"

ஆமாம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சம்சாரம் பாக்கறப்போ நானும் பக்கத்துல உக்காந்து பாப்பனுங்க. அன்னைக்கு... அந்த ஊசி. குத்துனப்போ வலிச்சுதுங்களா?"

குரலைக் கேட்டால் தறி வைத்து நடத்துகிறவர் மாதிரி கனமாக இருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்க எத்தனை நாள் காத்திருந்தாரோ.

"எறும்பு கடிச்ச மாதிரிங்க. அதுக்கு முன்னாடி பயந்துக்கிட்டுத் திரிஞ்சோம் பாருங்க, அதுதானுங்க வலிச்சுது" என்றேன்.

பிறகு நானே கேட்டேன்.

"சம்சாரம் எங்கீங்க இருக்கறாங்க?"

"சமையக்கட்டுல."

"போனை அவங்ககிட்டக் குடுங்க."

"வேண்டாமுங்க, அவளுக்குத் தெரியாது..."

"அவங்களுக்குத் தெரியுமுங்க. குடுங்க."

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். பிறகு குக்கர் விசில் சத்தம் கிட்டத்தில் கேட்டது. "ஆருங்க?" என்றது ஒரு பெண் குரல். நான் யார் என்று சொன்னேன். வீட்டுக்காரர் என்ன கேட்டார் என்பதையும் சொன்னேன்.

அந்த அம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு போனை எங்கேயோ வைத்தார். வைத்தாரே தவிர, அணைக்கவில்லை.

"சட்டையை மாத்துங்க."

"நாளைக்குப் போலாம் கண்ணு. இன்னைக்கு வெள்ளிக்கெழமை."

"மாத்துங்கன்னு சொன்னேன்."

ஷெரின் கடிகாரத்தைக் காட்டினார். ஏழாயிரம் பேர் காத்திருக்கிறார்கள் என்று விரலால் சைகை செய்தார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பீரோ திறக்கிற சத்தம். வீட்டுக்காரர் ஏதோ முணுமுணுக்கிற சத்தம். கதவு. பூட்டில் சாவி திரும்புகிற சத்தம். வண்டி கிளம்புகிற சத்தம்.

அது தேய்ந்து மறைந்த பிறகுதான் போனை வைத்தேன். இன்று லைவ் நாலே காலுக்குத்தான் தொடங்கியது. ஏன் தாமதம் என்று எல்லாரும் கேட்டார்கள். ஒரு வாடிக்கையாளர் கிளம்புகிறவரை நின்று வழியனுப்பிவிட்டு வந்தேன் என்று சொன்னேன்.